பதினேழாம் பிளாக்கின் ஆறு கட்டங்கள்

நாணல் நகர் பதினேழாம் பிளாக்கில் சண்டைகள் கெட்டுப்போகாமல் இருக்கத் தொடங்கியது, சத்தியசீலன் தன் கேம் சென்டருக்குப் புது வீடியோ கேம் பெட்டி வாங்கிய மாசத்தில்தான். அதற்கு முன்னால் இருந்த பழைய பெட்டிக்குள் ஒரு தட்டு சுற்றும். பொத்தானை அமுக்கிவிட்டு, திரையில் ஒரு கோடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஊர்ந்து போக விட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வரலாம், வந்த பிறகும் அது ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். புதுப் பெட்டியில் சுற்றுகிற தட்டு கிடையாது, எஸ்எஸ்டி என்றார்கள், காத்திருப்பு என்கிற பேச்சே கிடையாது. நேற்று மத்தியானம் பந்து எவன் காலில் இருந்ததோ இன்றைக்குப் பொத்தானை அமுக்கினதும் அவன் காலிலேயே இருக்கும். ஒன்றல்ல, ஆறு ஆட்டங்களை அப்படிப் பாதியில் நிறுத்தி, ஆறு சின்னக் கட்டங்களாகத் திரையில் வரிசையாக வைத்துக்கொள்ளும். ஏழாவதைத் தொடங்கினால், ஆறில் எதை ரொம்ப நேரமாக யாரும் தொடவில்லையோ அது சத்தமில்லாமல் விழுந்துவிடும். இந்தக் கணக்கை மறக்க வேண்டாம், ஏனென்றால் இந்தக் கதையில் ஒருத்திக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஆறில் ஒன்றே ஒன்றுதான்.

அவள் பெயர் குமுதவல்லி. ஆறாவது மாடி. ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, சட்டி பானையோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள்தான் அந்த பிளாக்கில் எல்லாரும், அவளும். நகரத்தில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில் அவளுக்கு லிஃப்ட் ஓட்டுகிற வேலை. நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் "எந்த ஃப்ளோர் சார், எந்த ஃப்ளோர்மா" என்று கேட்டுக் கேட்டு, பட்டுக்குப் போகிறவர்களைப் பட்டுக்கும் பாத்திரத்துக்குப் போகிறவர்களைப் பாத்திரத்துக்கும் ஏற்றி இறக்குவாள். அந்த லிஃப்ட் ஒரு நாளும் நின்றதில்லை. நின்றால் கேட்க ஆட்கள் இருக்கிற இடம் அது.

அவள் புருஷன் தணிகாசலம் பிளாக்குக்கெல்லாம் வாட்டர் கேன் போடுகிறவன். இரண்டு கையிலும் இருபது லிட்டர் கேனை இழுத்துக்கொண்டு வருகிறவன் எவனும் லிஃப்ட்டுக்குள் முதுகைக் காட்டித்தான் நுழைவான். கேனைத் தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். சித்திரை மாசத்தில் ஒரு காலை, ஆறாவது மாடியில் போட வேண்டியதைப் போட்டுவிட்டு எட்டாவதுக்குப் போக வேண்டிய இரண்டு கேனோடு பொத்தானை அமுக்கினான், கதவு திறந்தது, வழக்கம்போல முதுகைக் காட்டி உள்ளே போனான். கதவு மட்டும்தான் ஆறாவது மாடிக்கு வந்திருந்தது. லிஃப்ட் மூன்றாவதில் நின்றுகொண்டிருந்தது.

லிஃப்ட்டுக்குள் ஒரு அட்டை தொங்கும். மாசாமாசம் சோதித்துப் பார்த்தோம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிற அட்டை. தொழில் அது என்பதால் எந்த லிஃப்ட்டில் ஏறினாலும் குமுதாவின் கண் அங்கேதான் போகும். அன்றைக்குக் காலையில் வேலைக்கு இறங்கும்போது பார்த்தாள், அந்த மாசத்துக்கான இடத்தில் புத்தம்புதிதாக ஒரு கையெழுத்து, மண்புழு நெளிந்த மாதிரி. சாயங்காலம் அவளைத் தாங்கிக் கூட்டிவந்தபோது அட்டை இல்லை. அட்டை இருந்த இடத்தில் நாலு திருகு ஓட்டை இருந்தது.

மறுநாள் நூற்றி அறுபது வீடும் ரோட்டில் உட்கார்ந்தது. காலி கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்து, தார் உருகுகிற வெயிலில், மூன்று மணி நேரம். கடைசியில் ஜீப்பில் வந்து இறங்கினார் குடியிருப்பு வாரிய இன்ஜினியர் அருள்நம்பி. குமுதா எழுந்து போய் அவர் மார்புக்கு நேரே விரலை நீட்டி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"லிஃப்ட் நல்லா கீதுன்னு அட்டைல கையெழுத்துப் போட்டது யாரு?"

இன்ஜினியர் வாயைத் திறந்தார். "அந்த அட்டையில கையெழுத்துப் போட்டது" என்பது வரைக்கும் வந்தது. அந்த நொடியில், பக்கத்தில் நின்ற வட்டச் செயலாளர் கஜபதி வலது கையை உயர்த்தி, "பாடி" என்று தொடங்கினான், "பாடி குடுத்துட்டாங்க, எல்லாரும் எழுந்திரிங்க, வண்டி வந்துடுச்சு" என்று முடித்தான். நம் ஊர் மறியல் எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு முடிவு வைத்திருக்கிறார்கள். பிணத்தைக் கொடுத்துவிட்டால் எழுந்துவிட வேண்டும், பிணத்தைக் காக்க வைக்கக் கூடாது. அதைத் தெரிந்துதான் பிணத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பார்கள், அதைத் தெரிந்துதான் கொடுப்பார்கள். நூற்றி அறுபது வீடும் எழுந்து, பின்பக்கம் தட்டிக்கொண்டு, வண்டிக்கு வழிவிட்டது. புழுதி அடங்கிப் பார்த்தபோது ஜீப் நின்ற இடம் காலியாக இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் சத்தியசீலன் கடையைத் திறந்து பெட்டியைப் போட்டான். முந்தின வாரம் பாதியில் விட்ட பந்தாட்டம் இருக்க வேண்டிய முதல் கட்டத்தில் பந்தாட்டம் இல்லை, ரோடு இருந்தது. ரோட்டில் நீலக் கேன்களோடு சனங்கள், நீட்டின விரலோடு குமுதா, திறந்த வாயோடு இன்ஜினியர், தூக்கின கையோடு கஜபதி. என்ன ஆட்டமோ புதுசாக வந்திருக்கிறது என்று நினைத்துப் பொத்தானை அமுக்கினான். மேலே ஆறாவது மாடியில் யாரோ வற்புறுத்திக் கொடுத்த சோற்றுத் தட்டு குமுதாவின் மடியிலிருந்து எகிறி விழுந்தது, அவள் விரல் தானாக நீண்டது. நூற்றி அறுபது வீட்டிலும் நெஞ்சு கொதித்தது, தூங்குகிறவன் கை ஓங்கிக்கொண்டு எழுந்தான், பல் விளக்குகிறவள் பிரஷ்ஷை ஓங்கினாள். சத்தியசீலன் பயந்து நிறுத்தினான். எல்லாம் அடங்கியது. எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள், சோற்றை ஒருத்தி கூட்டி அள்ளினாள்.

இதெப்படி ஆகும் என்று பதினேழாம் பிளாக்கில் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் எப்போது வரும், லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டே பதில் வராத இடத்தில், நடப்பது எப்படி நடக்கிறது என்று கேட்கிற பழக்கம் என்றைக்கோ விட்டுப்போயிருந்தது. எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் கேட்டார்கள். பாதியில் நின்ற சண்டை எதுவும் பெட்டியில் ஒரு கட்டமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதும், பொத்தானை அமுக்கினால் சண்டைக்காரர்கள் எங்கே இருந்தாலும் விட்ட வார்த்தையிலிருந்து, விட்ட சூட்டோடு, விட்ட கண்ணீரோடு தொடங்குவார்கள் என்பதும் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. முன்பெல்லாம் ஒரு சண்டைக்கு நடுவில் தண்ணி லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், திரும்பி வருவதற்குள் சோறு ஆறுவது மாதிரி கோபம் ஆறிப்போயிருக்கும். இப்போது ஆறுவதற்கு வழியில்லை. "சீலா, எனுக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு, இத்த அப்படியே வையி, ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பொண்டாட்டியைப் பாதித் திட்டோடு விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கறிக்குழம்பு வாசனைக்கு நடுவே ஐந்து மாடியில் ஐந்து சண்டை விட்ட இடத்திலிருந்து கிளம்பும். வசதியாகத்தான் இருந்தது.

ஆறுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை இரண்டாவது மாடி காசியம்மாளை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். அம்மா வீட்டை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்ட அண்ணனோடு அவளுக்கு இருந்த சண்டை எட்டு வருஷத்துச் சண்டை. அது ஒரு கட்டமாக இருந்து, ஒரு வாரம் யாரும் தொடாமல், ஏழாவதாக எவனோ பைக் நிறுத்துகிற சண்டை போட்டதும் விழுந்துவிட்டது. மறுநாள் அண்ணன் வந்தான், காசியம்மாள் காபி கொடுத்தாள். வீட்டைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருந்தது, எரிச்சல்தான் வரவில்லை. எதையோ தொலைத்த மாதிரி பீரோவைத் திறந்து திறந்து பார்த்தாள். அண்ணன் இரண்டாவது டம்ளர் காபி கேட்டான்.

அதைக் குமுதாவும் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் மேலே ஏறாமல், நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், நேரே கேம் சென்டருக்குப் போனாள். சாயங்காலம் ஐந்து நாற்பது. தன் கட்டத்தைத் தொட்டு, அமுக்கி, உடனே நிறுத்திவிடுவாள். உடம்பில் சூடு ஏறும், கை எழும்பும், இன்ஜினியரின் நாக்கு அசைவதற்குள் நிறுத்திவிட வேண்டும். தொட்டால்தான் கட்டம் வரிசையில் முன்னுக்கு வரும், இன்னொரு நாள் தாங்கும். ஆனால் எத்தனை வேகமாக நிறுத்தினாலும் ஒரு இம்மி நகர்ந்துவிடும். திரையில் இன்ஜினியரின் வாய் ஒவ்வொரு நாளும் ஒரு இம்மி அடுத்த வார்த்தையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்தது அந்த மிச்சம்தான். அது தீருவதற்குள் அந்த ஆளைக் கண்டுபிடித்து, இதே ரோட்டில், இத்தனை பேர் காது கேட்க நிறுத்த வேண்டும். அவரை மாற்றல் செய்துவிட்டார்கள், எந்த ஊருக்கு என்று ஆபீசில் சொல்ல மாட்டேன் என்றார்கள்.

"எந்த ஊர்ல இருந்தாலும் இன்னா, நீ அமுக்கிவுடு, அங்கயே சொல்லிட்டுப் போறான்" என்றான் சத்தியசீலன்.

"எங்கயோ ஃபேனுக்குக் கீய உக்காந்துக்கினு அவன் சொல்ற பேரு யாருக்கு? எங்க ஊட்டுக்காரு செத்தது இங்க. இங்க சொல்லணும்."

இடையில் விசாரணை அறிக்கை வந்தது. மனிதத் தவறு என்றது. இறந்தவர் எதிரே பார்க்காமல் பின்பக்கமாக நடந்து சென்றதே காரணம் என்றது. குமுதா அதைப் படித்துக் காட்டச் சொல்லி மூன்று தரம் கேட்டாள். கேனை இழுக்கிறவன் முன்பக்கமாக எப்படிப் போவான் என்று எழுதினவனைக் கேட்க வேண்டும் போலிருந்தது, அவனையே இரண்டு கேனோடு அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு ஐந்து நாற்பதுக்கு அவள் அமுக்கினபோது நிறுத்தத் தாமதமாகி, ஒரு இம்மிக்குப் பதில் இரண்டு இம்மி போய்விட்டது.

பதினோரு மாசம் இப்படிப் போயிற்று. முதல் மாசத்தில் பிளாக்கே ஐந்து நாற்பதுக்குக் காத்திருந்தது, கொதித்தது, இன்னும் சொல்லவில்லையே அந்தப் பாவி என்று பேசிக்கொண்டது. மூன்றாம் மாசத்தில் நேரம் பார்த்துப் பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்கள். ஆறாம் மாசத்தில் சலித்துக்கொண்டார்கள். தையல்காரர் விரலில் ஊசி ஏறியது, சவரம் செய்துகொண்டிருந்தவர் கன்னம் கிழிந்தது. எட்டாம் மாசத்தில், கீழே வடைக்கடை போட்டிருக்கிற லூர்துமேரியின் கை. மறியல் நின்ற நொடியில் லூர்து காலி கேனை ரோட்டில் அடிக்க ஓங்கியிருந்தாள், அதனால் தினமும் அவள் வலது கை தானாக எழும்பி இறங்கும். ஒரு நாள் அது எண்ணெய்ச் சட்டியில் இறங்கியது.

குமுதா ஓடிப்போய்ப் பார்த்தாள். லூர்து கையை முட்டி வரைக்கும் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனுக்கு மனசாட்சி கீதா? உன் புருசனத் தின்னது லிஃப்ட்டு. என் கையத் தின்னது நீ."

"எண்ணெ வைக்காத இருந்திருக்கலாமேக்கா அந்த நேரத்துல."

"ஆமாண்டி, உனுக்குக் கோவம் வர்ற நேரம் பாத்துத்தான் நான் அடுப்பு மூட்டணும், இல்ல? விட்டுத் தொலையேன். காசியம்மா எப்டிக் கீறா பாரு, நிம்மதியா கீறா."

"காசியம்மா பீரோவத் தொறந்து தொறந்து பாக்குது, பாத்தியா நீ?" என்றாள் குமுதா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்த மாரி நான் எங்க ஊட்டுக்காரு போட்டோவப் பாத்துக்கினு நிக்கணுமா? இது போச்சுன்னா எனுக்கு மட்டும் போவாது, உனுக்கும் போவும், எல்லாருக்கும் போவும். நாளைக்கி உன் புள்ள அந்த லிஃப்ட்டுல ஏறும். கதவு தொறக்கும். அன்னிக்கிக் கேக்கறதுக்கு உங்கையில இன்னா இருக்கும்?"

லூர்து அன்றிலிருந்து ஐந்து நாற்பதுக்குள் சட்டியை இறக்கிவிட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

கஜபதிக்கும் தினமும் கை எழும்பிற்று. கட்சிக் கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழும்பி, என்னய்யா சந்தேகம் என்று கேட்க வைத்தது. கல்யாண வீட்டில் எழும்பி, பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பெயர்த்தது. அவனுக்கு இதில் கையை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது, அது அவன் மச்சான். நாணல் நகர் லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிற கான்ட்ராக்ட் அந்த மச்சான் பேரில்தான் இருந்தது. காசியம்மாள் கதையைக் கேள்விப்பட்டதும் கஜபதிக்குப் புத்தி வேலை செய்தது. ஒரு சாயங்காலத்துக்கும் மறு சாயங்காலத்துக்கும் நடுவில் ஆறு புதுச் சண்டை, அவ்வளவுதான். அவன் தொழிலே அது.

பங்குனி மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவன் தொடங்கினான். சத்தியசீலனை ஏதோ புகார் என்று காலையிலேயே ஸ்டேஷனுக்கு வரவழைத்து பெஞ்சில் உட்கார வைத்தாயிற்று. கேம் சென்டர் ஷட்டர் பூட்டியே கிடந்தது, யாரும் நடுவில் போய்க் கட்டத்தைத் தொட வழியில்லை. அப்புறம் தண்ணி லாரியைப் பிளாக்கின் இரண்டு படிக்கட்டில் முதல் படிக்கட்டு வாசலோடு திருப்பி அனுப்பினான், இரண்டு படிக்கட்டுப் பெண்களும் குடத்தோடு மோதினார்கள், உச்சத்தில் இவனே குறுக்கே புகுந்து "சரி சரி, அப்பால பேசிக்கலாம்" என்று பாதியில் பிரித்துவிட்டான். பைக் நிறுத்துகிற இடத்தில் யாருக்கோ காதுகுத்து என்று பந்தல் போட வைத்தான், சண்டை, அப்பால பேசிக்கலாம். நாலாவது மாடிக் குப்பை யார் குப்பை என்று ஒரு வார்த்தை விட்டான், அப்பால பேசிக்கலாம். மொட்டை மாடிச் சாவி, அப்பால. பட்டா லிஸ்ட்டில் மருமகன் பேர் இருக்கிறது, மாமனார் பேர் இல்லை, அப்பால. மத்தியானம் நாலு மணிக்குள் ஐந்து ஆயிற்று.

அதே மத்தியானம் ஜவுளிக்கடை லிஃப்ட்டில் தலையோடு சேர்த்துத் தாடையை மப்ளரால் கட்டின ஒரு ஆள் ஏறினார்.

"எந்த ஃப்ளோர் சார்?"

"உங்களப் பாக்கத்தாம்மா வந்தேன்" என்றார். குமுதா திரும்பிப் பார்த்தாள். பதினோரு மாசமாகத் திரையில் தினமும் பார்க்கிற வாய். கதவை மூடி, லிஃப்ட்டை மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நிறுத்தினாள். அந்த லிஃப்ட் வாழ்க்கையில் முதல்தடவையாக நின்றது.

மனசு திருந்தி வந்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தினமும் ஐந்து நாற்பதுக்கு அவர் வாய் திறந்துகொண்டது. மேலதிகாரி முன்னால் திறந்து மெமோ வாங்கினார், சம்பந்தி வீட்டார் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டபோது திறந்து சம்பந்தம் கலைந்தது. தனக்காகத்தான் வந்திருந்தார்.

"முடிச்சு விட்டுடுங்கம்மா. என்னால முடியல."

"இப்பவே சொல்லு. யாரு?"

அருள்நம்பி மப்ளரை அவிழ்த்துவிட்டு முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. "அந்த வார்த்தை எங்கிட்ட இல்லம்மா. அது உங்க பெட்டிக்குள்ளதான் இருக்கு" என்றார்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. சத்தியசீலன் பெஞ்சில் இருந்தபடியே குசுகுசுத்தான். "யக்கா, என்னை சும்மா உக்கார வச்சிக்கினு கீறாங்க. சாவி எங்கைலதான். பிளாக்குல அஞ்சு சண்ட ஆயிடுச்சாம். இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா உன்னுது காலி."

குமுதா லிஃப்ட்டைத் தரைக்கு இறக்கினாள். வெளியே காத்திருந்த கூட்டத்தை ஏற்றவில்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. இன்ஜினியரின் சட்டைக் கையைப் பிடித்தவள் விடாமல் ஆட்டோவில் ஏற்றி, ஸ்டேஷன் ஜன்னல் வழியாகச் சாவியை வாங்கி, நாணல் நகர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். வாயைத் திறந்தால் அவரைக் கடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

இறங்கினபோது ஆறாவது சண்டை தொடங்கியிருந்தது. முதல் மாடி சுசீலா கொடியில் போட்டிருந்த வெள்ளைப் புடவை பூராவும் எண்ணெய். ஊற்றியது கஜபதியின் கையாள். ஆனால் எண்ணெய் என்றால் வடைக்கடைதானே. சுசீலா இறங்கி வந்து லூர்துவின் முன்னால் நின்று, அவள் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தாள். லூர்து கரண்டியோடு எழுந்துவிட்டாள். கஜபதி நாலடி தள்ளி, அப்பால பேசிக்கலாம் என்று சொல்ல வேண்டிய நேரத்துக்காக நின்றுகொண்டிருந்தான்.

ஷட்டரைத் திறந்து பெட்டியைப் போடுவதற்குள் சண்டை பாதியில் நின்றுவிடும். குமுதா அங்கிருந்தே கத்தினாள்.

"பாதில வுட்டுடாதீங்க. முடிங்க. யாராவது ஒருத்தரு முடிங்கக்கா."

பதினேழாம் பிளாக்கில் அதுவரைக்கும் எந்தச் சண்டையும் முடிந்தது கிடையாது; முடிய வேண்டுமென்றால் ஒருத்தர் தோற்க வேண்டும், தோற்பதற்கு அங்கே யாரிடமும் எதுவும் மிச்சமில்லை. லூர்து திரும்பிப் பார்த்தாள். நீலக் கோட்டு, அதன் கையில் சிக்கின சட்டை, சட்டைக்கு மேலே அந்த வாய். கஜபதி முகத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் வந்த கோபத்தில் கரண்டியைத் தரையில் எறிந்தாள், தோல் உரிந்து வெளுத்துப்போன அதே கையால்.

"நான்தாண்டி ஊத்தனேன்" என்றாள் சுசீலாவிடம். "என் மேலதான் தப்பு. புடவைய நான் தோச்சித் தர்றேன். போதுமா?"

சுசீலாவுக்கு அடுத்த திட்டு வாயிலேயே நின்றது. இருபது வருஷத்தில் லூர்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "சரி, வுடு" என்றாள், என்ன செய்வதென்று தெரியாமல். சண்டை முடிந்துபோயிற்று. முடிந்த சண்டைக்குப் பெட்டியில் இடம் கிடையாது.

கஜபதி நழுவப் பார்த்தான். அதற்குள் லூர்து கடைக்குப் பின்னால் போய் ஒரு காலி கேனைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டில் உட்கார்ந்தாள், பதினோரு மாசத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடத்தில். சுசீலா உட்கார்ந்தாள். மேலேயிருந்து பார்த்தவர்கள், லிஃப்ட் ஓடாததால் படிப்படியாக, எட்டு மாடியும் இறங்கி வந்தார்கள், லாரிச் சண்டைக்காரர்கள், குப்பைச் சண்டைக்காரர்கள், மாமனாரும் மருமகனும், பீரோவை மூடிவிட்டுக் காசியம்மாளும், கையில் கிடைத்த கேனோடு. அவரவர் இடத்தில் உட்கார்ந்ததும் கஜபதி இருந்த பக்கம் வழி அடைபட்டுப்போயிற்று. இன்ஜினியரை அவர் நின்ற இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். குமுதா ஷட்டரை ஏற்றி, பெட்டியைப் போட்டு, அந்தப் பொத்தான் இருக்கிற ரிமோட்டை இடது கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். மணி ஐந்து நாற்பது. கடைசியில் கிடந்த தன் கட்டத்தை அமுக்கினாள், இந்தத் தடவை நிறுத்தவில்லை.

பதினோரு மாசத்துச் சூடு ஒன்றும் குறையாமல் வந்தது. விரல் நீண்டது. இன்ஜினியரின் வாய் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அதே நொடியில் கஜபதியின் கை விருட்டென்று எழும்பியது, அவன் இடது கையால் அதைப் பிடித்து இழுத்தும் வாயைப் பொத்தியும் பார்த்தான், முடியவில்லை, அன்றைக்குச் சொன்னது எதுவோ அதுதான் வந்தது.

"பாடி குடுத்துட்டாங்க, எல்லாரும் எழுந்திரிங்க, வண்டி வந்துடுச்சு."

எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். ஒரு ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது, வேறு எந்த வண்டியும் இல்லை. தணிகாசலத்தைப் புதைத்து மண் இறுகிப் புல்லே முளைத்துவிட்டது. எழுந்திரிங்க, எழுந்திரிங்க என்று கஜபதி கத்திக்கொண்டே இருந்தான், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் கத்தினான். கொடுப்பதற்கு அவனிடம் இன்னொரு பிணம் இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காததால்தான் அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்ஜினியர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அன்றைக்கும் இதையேதான் சொல்லியிருப்பார், பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு எழுந்த நூற்றி அறுபது வீட்டுக்கும் கேட்டிருக்காது.

"நான்தான். லிஃப்ட்டப் பாக்கல. நாணல் நகர் அட்டை அத்தனையும் கஜபதியும் அவர் மச்சானும் ஆபீசுக்கே கொண்டாந்தாங்க. சாப்பாட்டு நேரம். சாப்ட்டுக்கிட்டே போட்டேன்."

குமுதாவின் விரல் அவர் மார்பிலிருந்து நகர்ந்து கஜபதி பக்கம் திரும்பியது. நிறுத்துகிற பொத்தான் அவள் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. ரிமோட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, அவளும் ரோட்டில் உட்கார்ந்தாள்.

லூர்துவின் கை, பதினோரு மாசமாகப் பெட்டிக்குள் ஓங்கியபடியே இருந்த கை, இறங்கியது. கேன் தாரில் மோதிய சத்தம் எட்டாவது மாடி வரைக்கும் கேட்டது.